வழிகாட்டி சொல்லாமல் விடுவது

பிரயாணத்தில் விருப்பமுள்ளவர்களிடையே சில காலமாக ஓர் அபிப்பிராயம் வேரூன்றி வருகிறது. கொடி பிடித்த வழிகாட்டியின் பின்னால் கூட்டமாகச் செல்வது பாமரர் காரியம் என்றும், கையில் ஒரு வரைபடமும் மனத்தில் கொஞ்சம் துணிச்சலுமாகத் தனியே அலைவதுதான் ரசிகனுக்கு அழகு என்றும் பலர் சொல்லக் கேட்கிறோம். மலையையும் கடலையும் பார்க்கப் போகிறவருக்கு இது பொருந்தலாம். சந்தைகளுக்கும் சாப்பாட்டுக் கடைகளுக்கும் நிச்சயமாகப் பொருந்தும். ஆனால், ஐபீரியத் தீபகற்பத்தின் மேற்குப் பகுதியில், அதாவது இன்றைய போர்ச்சுகல் தேசமும் அதை ஒட்டிக் கிடக்கும் ஸ்பெயினின் எக்ஸ்த்ரெமதுரா, லியோன் பிரதேசங்களும் அடங்கிய நிலப்பரப்பில், ரோமானியர் விட்டுச் சென்ற நகரங்களையும் பாலங்களையும் சுரங்கங்களையும் காணப் புறப்படுகிறவர் வழிகாட்டி இல்லாமல் போகலாகாது என்பது என் கட்சி. கூடவே இன்னொன்றையும் சொல்லிவிட வேண்டும்: அங்கே நமக்கு வாய்க்கும் வழிகாட்டிகளில் பலர், சொல்ல வேண்டியதில் பாதியைச் சொல்லாமலே நம்மைப் பஸ்ஸில் ஏற்றிவிடுகிறார்கள்.

பாம்பேயைப் பார்த்துவிட்டு வந்தவர்களுக்கு இந்த மேற்குக் கோடி முதலில் சற்று ஏமாற்றமாகவே இருக்கும். பாம்பேய் எரிமலைச் சாம்பலில் புதைந்து போன ஊர். காலம் அங்கே ஒரே இடத்தில் நின்றுவிட்டதால், அடுப்பில் வைத்த ரொட்டிகூடக் கரியாகி நமக்குக் கிடைத்திருக்கிறது. பெரும்பகுதியை லூசித்தானியா என்று ரோமானியர் பெயரிட்டு ஆண்ட இந்த நிலப்பரப்புக்கோ அப்படிப்பட்ட விபத்து எதுவும் நேரவில்லை. இங்கே நகரங்கள் மெல்ல மெல்லத் தேய்ந்தன. ரோமானியருக்குப் பின் ஸுவேவியர் வந்தனர், விஸிகோத்தியர் வந்தனர், அராபியர் வந்தனர், பிறகு கிறிஸ்தவ அரசர்கள் வந்தனர். வந்தவர் ஒவ்வொருவரும் முன்னவர் கட்டியதில் வேண்டியதை எடுத்துக்கொண்டு, வேண்டாததை மண்ணுக்கு விட்டுவிட்டு, தமக்கு ஏற்றதைக் கட்டிக்கொண்டார்கள். ஒரே சுவரில் மூன்று நான்கு காலத்துக் கற்கள் கலந்து கிடப்பதைப் பார்த்த மாத்திரத்தில் பிரித்தறிய நம் கண்ணுக்குப் பயிற்சி இல்லை. தனியே போகிறவர் ஒரு தூணைக் கண்டு வியந்து, அதைப் படம் எடுத்துக்கொண்டு, அது எந்தக் காலத்தில் யாரால் அங்கே நிறுத்தப்பட்டது என்று அறியாமலே ஊர் திரும்பிவிடுகிறார்.

மெரிதா நகரத்தை எடுத்துக்கொள்வோம். வடக்கே காண்டாப்ரிய மலைகளில் நடந்த யுத்தங்களில் சேவை முடித்து ஓய்வு பெற்ற வீரர்களைக் குடியேற்றுவதற்காக, அகஸ்டஸ் சக்கரவர்த்தியின் ஆணைப்படி கி.மு. 25-இல் குவாதியானா ஆற்றங்கரையில் நிறுவப்பட்டு, எமெரிட்டா அகஸ்டா என்ற பெயரோடு லூசித்தானியாவுக்குத் தலைநகரான ஊர் இது. சக்கரவர்த்தியின் மருமகனும் தளபதியுமான அக்ரிப்பாவின் ஆதரவில் கி.மு. 16, 15-ஆம் ஆண்டுகளில் எழுந்த நாடக அரங்கில் சுமார் 6,000 பேர் அமரலாம். அதற்குப் பக்கத்திலேயே, கி.மு. 8-இல் திறக்கப்பட்ட நீள்வட்ட அரங்கில், மனிதரும் மிருகங்களும் பொருதுவதைப் பார்க்கச் சுமார் 15,000 பேருக்கு இடம் இருந்தது. இந்த விகிதம் ஒன்றே அக்காலத்து ஜனங்களின் ருசி எந்தப் பக்கம் சாய்ந்திருந்தது என்பதைச் சொல்லிவிடும். நம் காலத்தைப் பற்றியும் அது கொஞ்சம் சொல்லக்கூடும், அது இருக்கட்டும்.

நாடக அரங்கின் மேடைக்குப் பின்னே இரண்டு அடுக்காக எழும்பி நிற்கும் பளிங்குத் தூண்களையும், அவற்றினிடையே வைக்கப்பட்டிருக்கும் தேவதைகளின் சிலைகளையும் சாயங்கால வெயிலில் பார்க்கிறவர், இரண்டாயிரம் ஆண்டுகளாக அவை அப்படியே நின்றுகொண்டிருக்கின்றன என்றுதான் நினைத்துக்கொள்வார். உண்மை வேறு. 1910-இல் ஹோஸே ராமோன் மெலிதா, மக்ஸிமிலியானோ மசியாஸ் என்ற இரு அறிஞர்கள் இங்கே அகழத் தொடங்கும் முன்பு, அரங்கின் மேல் வரிசைகளைத் தாங்கிய கட்டடத்தின் ஏழு துண்டங்கள் மட்டுமே மண்ணுக்கு மேலே துருத்திக்கொண்டு நின்றன. ஊரார் அவற்றை ‘ஏழு நாற்காலிகள்’ என்று அழைத்தார்கள். ஏழு மூர் அரசர்கள் அங்கே அமர்ந்து நகரத்தின் விதியைப் பற்றி ஆலோசித்தார்கள் என்ற கதையையும் பேரப்பிள்ளைகளுக்குச் சொல்லி வந்தார்கள். மண்ணை அகற்றியபோது விழுந்து கிடந்த தூண்களை இன்று நாம் காணும்படி நிறுத்தியது பெரும்பாலும் இருபதாம் நூற்றாண்டின் ஜீர்ணோத்தாரணம். அதிலும் முக்கியமான பகுதி 1960-களிலும் 70-களிலும் நடந்த வேலை.

நான் சென்ற கூட்டத்துக்கு வாய்த்த வழிகாட்டி, நல்ல மனிதர், குரலில் கம்பீரமும் கையில் ஒரு குடையும் உடையவர், இந்த விஷயத்தைச் சொல்லவே இல்லை. சொன்னால் பிரயாணிகளின் பிரமிப்பு குறைந்துவிடும் என்று அவர் கருதியிருக்கக்கூடும். எனக்கோ பிரமிப்பு கூடியிருக்கும். நொறுங்கிக் கிடந்த பளிங்கில் எந்தத் துண்டு எந்தத் தூணுக்கு உரியது என்று ஆண்டுக்கணக்கில் பொருத்திப் பார்த்த பொறுமையும், இல்லாத இடத்தைப் புதுக் கல்லால் நிரப்பிய துணிவும் மதிக்கத் தக்கவை அல்லவா? மேலும், எது பழையது, எது இட்டு நிரப்பியது என்று தெரிந்துகொள்ளும் உரிமை டிக்கெட் வாங்கியவருக்கு உண்டு. 1933-ஆம் ஆண்டு கோடையில், ஸ்பெயினில் பிறந்த செனெக்காவின் ‘மெதேயா’ நாடகத்தை எழுத்தாளர் உனாமுனோ ஸ்பானிய மொழியில் ஆக்கித் தர, மார்கரித்தா ஷிர்கு என்ற பெரும் நடிகை இதே மேடையில் நடித்தார். இடையிடையே தடைப்பட்டாலும் இன்றுவரை கோடை தோறும் இங்கே நாடக விழா நடக்கிறது. அரங்கு மறுபடியும் அரங்கானது அந்த இருபதாம் நூற்றாண்டு மனிதர்களால்தான். அவர்களுடைய பெயரைச் சொல்லாமல் அகஸ்டஸின் பெயரை மட்டும் சொல்லிக்கொண்டிருப்பது நியாயமாகாது.

இந்தப் பிரதேசத்தில் மிஞ்சி நிற்பவை எல்லாம் ஏன் மிஞ்சின என்று கேட்டுப் பாருங்கள். பெரும்பாலும் ஒரே விடைதான் வரும். யாரோ அவற்றை எதற்கோ பயன்படுத்திக்கொண்டிருந்தார்கள். அந்த உபயோகம் ரோமானியர் கனவிலும் நினைத்திராத உபயோகமாக இருந்தாலும், கல்லைக் காப்பாற்றியது அதுவே. மெரிதா ஊர் நடுவே ‘டயானா கோயில்’ என்று வழங்கும் ஆலயம் உயர்ந்த தூண்களோடு இன்றும் நிற்கிறதென்றால், பதினாறாம் நூற்றாண்டில் ஒரு பிரபு தம் மாளிகையை அதன் தூண்களுக்குள்ளேயே கட்டிக்கொண்டு குடியிருந்ததுதான் காரணம். அந்த மாளிகையின் ஒரு பகுதி இப்போதும் ஆலயத்துக்குள் தெரிகிறது. ஆலயமும் டயானாவுக்கு உரியதல்ல. சக்கரவர்த்தி வழிபாட்டுக்காக எழுப்பப்பட்டது என்பதே ஆராய்ச்சியாளர் கொள்கை.

எல்லையைக் கடந்து போர்ச்சுகலின் எவோரா நகரத்துக்குப் போனால் அங்கும் ஒரு ‘டயானா கோயில்’ உண்டு. அதுவும் பிற்காலத்தார் இட்ட பெயர்தான். ஊரின் உச்சியில், பெரிய தேவாலயத்துக்குப் பக்கத்தில், 14 தூண்களோடு நிற்கிறது அது. தூண்களின் உடல் கருங்கல். அடியும் தலையும் பக்கத்து எஸ்த்ரெமோஸ் மலையின் பளிங்கு. அருகே போய்ப் பார்த்தால், கருங்கல்லில் நெடுக ஓடும் வரிப்பள்ளங்கள் காற்றிலும் மழையிலும் மழுங்கியிருக்க, பளிங்கில் செதுக்கிய இலைகள் மட்டும் விளிம்பு கெடாமல் இருப்பது தெரியும். தூண்களுக்கு நடுவே சுவர் எழுப்பி அடைத்து, பல நூற்றாண்டுகள் இதைக் கசாப்புக் கூடமாக வைத்திருந்தார்கள். 1836 வரையில் அங்கே மாடும் ஆடும் அறுபட்டன. பிறகு 1870-களில் சினாத்தி என்ற இத்தாலியரின் மேற்பார்வையில் இடைச் சுவர்களை எல்லாம் இடித்துத் தள்ளி, இன்றைய கோலத்துக்குக் கொண்டு வந்தார்கள். இதைச் சொல்லும்போது வழிகாட்டிகள் சற்றுக் கூச்சத்தோடு சிரித்துக்கொண்டே கடந்து போகிறார்கள். கூச்சப்பட என்ன இருக்கிறது? கசாப்புக்காரர்கள் கட்டிய சுவர்தான் இந்தத் தூண்களைத் தாங்கிப் பிடித்தது. பக்தர்கள் கைவிட்டதைக் கசாப்புக்காரர்கள் காப்பாற்றினார்கள் என்பது எவோராவின் சரித்திரத்தில் மறைக்க வேண்டிய அத்தியாயம் அல்ல. முதலில் சொல்ல வேண்டிய அத்தியாயம்.

தேஜோ நதியின் மேல் நிற்கும் அல்காந்தரா பாலத்துக்கும் இது பொருந்தும். டிராஜன் சக்கரவர்த்தியின் காலத்தில், கி.பி. இரண்டாம் நூற்றாண்டின் தொடக்கத்தில், காயஸ் ஜூலியஸ் லாஸெர் என்ற சிற்பி ஆறு வளைவுகளோடு கருங்கல்லில் கட்டியது. பாலத்தின் ஒரு கோடியில் உள்ள சிறு கோயிலில் தன் பெயரைப் பொறித்து, உலகம் உள்ள அளவும் இந்தப் பாலம் நிற்கும் என்று அவன் பெருமைப்பட்டுக்கொண்டான். பாலத்தின் நடுவே உள்ள தோரண வளைவில், பணம் கொடுத்த லூசித்தானிய ஊர்களின் பட்டியலும் இருந்தது. கவனியுங்கள்: கட்டியது சாம்ராஜ்யம் என்று சொல்லப்பட்டாலும் கைப்பணம் உள்ளூர்க் குடிகளுடையது. லாஸெருடைய பெருமையை யுத்தங்கள் அவ்வளவாக லட்சியம் செய்யவில்லை. எதிரி கடந்துவிடக் கூடாது என்று ஒவ்வொரு காலத்திலும் ஒரு சேனை இதன் வளைவுகளில் ஒன்றைத் தகர்த்தது. அவ்வாறு தகர்த்தவர்களில் 1809-இல் பிரெஞ்சுக்காரரைத் தடுக்க முயன்ற வெலிங்டனின் படையும் ஒன்று. தகர்த்த பிறகு, ஆற்றைக் கடக்க வேறு வழி இல்லாததால், மறுபடியும் கட்டினார்கள்: ஐந்தாம் சார்லஸ் மன்னர் காலத்தில் 1543-இல் ஒரு முறை, 1860-இல் மற்றொரு முறை. இன்று இதற்குச் சற்று மேலே ஆற்றை மறித்து ஒரு பெரிய நீர்மின் அணை நிற்கிறது. பாலத்தின் மீது நின்று ஒரு பக்கம் லாஸெரின் கருங்கல்லையும் மறு பக்கம் அணையின் கான்கிரீட்டையும் பார்ப்பதற்கு எந்தச் சுற்றுலாவும் பத்து நிமிஷத்துக்கு மேல் அவகாசம் தருவதில்லை.

இவை எல்லாவற்றிலும் எனக்கு அதிகம் பிடித்தது கோனிம்பிரிகா. கோயிம்பிரா நகரத்துக்குத் தெற்கே, ஒலிவ மரங்கள் அடர்ந்த மேட்டில் கிடக்கிறது. நுழைந்ததும் கண்ணில் படுவது ஒரு மதில். ஊரையே இரண்டாக வெட்டிப் போட்டதுபோல் குறுக்கே ஓடும் மதில். மூன்றாம் நூற்றாண்டின் இறுதியிலோ நான்காம் நூற்றாண்டின் தொடக்கத்திலோ, எல்லைகளில் குழப்பம் மிகுந்து, பழைய பாதுகாப்பின் மேல் நம்பிக்கை போய்விட்டபோது, நகரத்தார் தங்கள் ஊரைச் சுருக்கிக் கொண்டார்கள். காக்க முடிந்த பகுதியைச் சுற்றி மதில் எழுப்பத் தீர்மானித்து, அந்த மதிலின் பாதையில் நின்ற வீடுகளை இடித்து, இடித்த வீடுகளின் கல்லையே மதிலுக்கு வைத்தார்கள். கிட்டப் போய்ப் பாருங்கள். ஒழுங்காகச் செதுக்கிய ஒரு வட்டத் தூண் துண்டம் படுக்க வைக்கப்பட்டிருக்கும். அதன் மேலே வாசற்படியாக இருந்த கல். அதன் பக்கத்தில் எதற்கும் உதவாத கரடு. அவசரத்தில் கட்டியவர்களின் கைவேகம் அந்தச் சுவரில் அப்படியே நிற்கிறது. எந்தத் தூண் யார் வீட்டு முற்றத்தில் நின்றதோ, அந்த வீட்டுக்காரரே அதைத் தூக்கிக் கொடுத்தாரோ, பறிகொடுத்தாரோ!

மதிலுக்கு வெளியே அகப்பட்டுக்கொண்டது, இன்று ‘நீரூற்று வீடு’ என்று பிரசித்தி பெற்ற பெரிய மாளிகை. வெளியே விடப்பட்டதால்தான் அது நமக்குக் கிடைத்தது என்பது விசித்திரம். இடிந்த சுவர்களின் அடியில் அதன் தரைகள் பல நூற்றாண்டு மூடிக் கிடந்தமையால், வண்ணக் கல் பதித்த சித்திரங்கள் சேதமின்றித் தப்பின. நான்கு பருவங்களின் முகங்கள், வேட்டைக்குப் போகும் குதிரைக்காரர்கள், மெதூஸாவின் தலையைக் கையில் பிடித்த பெர்ஸியஸ் என்று கூடத்துக்குக் கூடம் சித்திரம் மாறுகிறது. நடு முற்றம் முழுவதும் தண்ணீர்த் தொட்டி; அதில் தீவுகள்போல் பூச்செடிப் பாத்திகள்; பாத்திகளின் ஓரமெங்கும் நானூற்றுக்கு மேற்பட்ட சிறிய குழாய் வாய்கள். தாழ்வாரத்து ஓரத்தில் உள்ள பெட்டியில் ஒரு நாணயத்தைப் போட்டால், ஒரு கணம் ஒன்றும் நடக்காது. பிறகு அடியில் ஒரு கரகரப்பு. அப்புறம் நூல் நூலாக நீர் எழும்பி வளைந்து விழத் தொடங்கும். சில நிமிஷத்தில் நின்றுவிடும். நான் பார்த்துக்கொண்டிருந்தபோது ஒரு பள்ளிக்கூடத்துக் குழந்தைகள் வந்து நாணயம் போட்டுப் போட்டு ஆசிரியையை அலைக்கழித்தார்கள். வழிகாட்டியும் அவர்களோடு சேர்ந்து சிரித்தார். பிறகு எங்கள் பக்கம் திரும்பி, இந்தக் குழாய்களுக்கு அழுத்தம் கொடுக்க நீரை எப்படி மேட்டில் தேக்கிக் கொண்டு வந்தார்கள் என்று விளக்கினார். அது நல்ல விளக்கம்.

மதிலுக்கு உட்பக்கம் ‘கான்டபர் வீடு’ என்று ஒன்றைக் காட்டுவார்கள். இந்த ஊரின் கடைசி நாட்களைப் பற்றி நமக்குச் செய்தி சொல்பவர் ஹிதாஸியஸ் என்ற பாதிரியார். இன்றைய ஷாவெஸ் ஊரில் பிஷப்பாக இருந்தவர். தாமே ஸுவேவியரால் சிறை பிடிக்கப்பட்டவர். 465-இல் ஸுவேவியர் கோனிம்பிரிகாவுக்குள் சூதாகப் புகுந்து, கான்டபர் என்ற பிரமுகரின் மனைவியையும் மக்களையும் பிடித்துக்கொண்டு போனதாகவும், சில ஆண்டுகளில் மறுபடி வந்து ஊரை அழித்ததாகவும் அவருடைய குறிப்பு சொல்கிறது. ஊரின் மிகப் பெரிய வீட்டுக்கு அகழ்ந்தவர்கள் அந்தப் பிரமுகரின் பெயரைச் சூட்டிவிட்டார்கள். அது ஊகம், சாட்சியம் இல்லை. வழிகாட்டிகளில் ஊகம் என்று சொல்லிவிட்டுக் காட்டுகிறவரும் உண்டு, கான்டபரின் மனைவி இந்தத் திண்ணையில்தான் நின்றாள் என்று காட்டுகிறவரும் உண்டு. முதல் வகையாருக்கு நான் இரட்டிப்புச் சம்பளம் கொடுப்பேன். கோனிம்பிரிகாவில் இன்னும் பெரும்பகுதி அகழப்படாமலே இருக்கிறது என்பதையும், நகரத்தின் நீள்வட்ட அரங்கு பக்கத்துக் கிராமத்து வீடுகளுக்கு அடியில் கிடக்கிறது என்பதையும் அவர்கள்தான் சொல்வார்கள்.

இப்போது என் முக்கியமான புகாருக்கு வருகிறேன். அரங்குகளையும் கோயில்களையும் மாளிகைகளையும் சுற்றிக் காட்டும் இந்தப் பயணங்கள், அவற்றுக்குப் பணம் எங்கிருந்து வந்தது என்ற கேள்வியைக் கேட்பதே இல்லை. ரோமானியர் இந்த மேற்குக் கோடிக்கு வந்து, விரியாத்தஸ் போன்ற லூசித்தானியத் தலைவர்களோடு ஆண்டுக்கணக்கில் போராடி, கி.மு. 139-இல் விரியாத்தஸை அவனுடைய கூட்டாளிகள் கையாலேயே கொல்வித்து, மேலும் ஒரு நூற்றாண்டு பொறுத்திருந்து இதை முற்றிலும் அடக்கியது காட்சி அழகுக்காக அல்ல. செம்பும் வெள்ளியும் பொன்னும் மீனும் எண்ணெயும் அவர்களுக்கு வேண்டியிருந்தன. போர்ச்சுகலின் தெற்கே அல்ஜுஸ்திரெல் என்ற சிற்றூரில், பழைய சுரங்கத்தின் கசடு மேடுகளில் 1876-இலும் 1906-இலும் இரண்டு வெண்கலத் தகடுகள் கிடைத்தன. இரண்டாம் நூற்றாண்டில் அந்தச் சுரங்க ஊரை நடத்திய விதிகள் அவற்றில் பொறித்திருக்கின்றன. என் மதிப்பில், மெரிதா அரங்கின் எல்லாத் தூண்களையும்விட இந்த இரண்டு தகடுகளும் ரோம ஆட்சியை நன்கு காட்டும்.

அவற்றில் என்ன இருக்கிறது? குளியல் கூடத்தைக் குத்தகைக்கு எடுத்தவர் தன் செலவிலேயே தினமும் நீரைச் சூடாக்க வேண்டும். காலையில் பெண்களுக்கு, பிற்பகலிலிருந்து ஆண்களுக்கு. பெண்களிடம் ஓர் அஸ் காசு, ஆண்களிடம் அரைக் காசு. பெண்களுக்கு ஏன் இரட்டிப்பு என்று தகடு சொல்லவில்லை. காரணம் சொல்லும் வழக்கம் வரி போடுகிறவர்களுக்கு எந்த யுகத்திலும் இருந்ததில்லை. வெண்கலப் பாத்திரங்களை மாதத்துக்கு ஒரு முறை துலக்கிக் கொழுப்புத் தடவி வைக்க வேண்டும். குத்தகை எடுத்த நாவிதரைத் தவிர வேறு யாரும் அந்த ஊரில் காசுக்குச் சவரம் செய்யக் கூடாது. தன் எஜமானுக்கோ சக அடிமைக்கோ செய்துவிடும் அடிமைக்கு மட்டும் விலக்கு. செருப்புத் தைப்பவருக்கும் அப்படியே ஏகபோகம். பள்ளி ஆசிரியர்களுக்கு மட்டும் வரிச்சுமை இல்லை. இதைப் படித்தபோது எனக்கு அந்த அதிகாரியின் மேல் கொஞ்சம் பிரியம் உண்டாயிற்று. அடுத்த தகட்டைப் படித்ததும் அந்தப் பிரியம் கரைந்தது. சூரியன் மறைந்த பின் தாதுவைச் சுமந்து சென்றால் அபராதம். தாது திருடியவன் அடிமையானால் சவுக்கடி. பிறகு, என்றென்றும் விலங்கோடு இருக்க வேண்டும் என்ற நிபந்தனையின் பேரில் விற்பனை. மெரிதாவின் பளிங்கைப் பார்க்கிறவர் இந்தத் தகடுகளைப் பற்றிக் கேள்விப்படாமல் திரும்பினால், வரவை விட்டுவிட்டுச் செலவுக் கணக்கை மட்டும் பார்த்தவர் ஆகிறார்.

வடக்கே லியோன் பிரதேசத்தில் லாஸ் மெதுலாஸ் என்ற இடம் இருக்கிறது. ஒரெல்யான் என்ற ஊர்ப்பக்கத்து மேட்டிலிருந்து பார்த்தால், செஸ்ட்நட் மரங்களின் பசுமைக்கு நடுவே செக்கச் சிவந்த மண் கோபுரங்கள் செங்குத்தாக நிற்கும். இயற்கையின் சிருஷ்டி என்று நினைப்பவர்களே அதிகம். அது மனிதன் செய்த நாசம். மலைக்குள் சுரங்க வழிகளைக் குடைந்து, பல மைல்களுக்கு அப்பாலிருந்து வாய்க்கால் வெட்டி மலையுச்சியில் நீரைத் தேக்கி, அதை ஒரேயடியாகத் திறந்துவிட்டு, மலையையே நொறுக்கிச் சேற்றாக்கி, அந்தச் சேற்றிலிருந்து பொன்னை அரித்தெடுத்தார்கள். இந்த முறையை விவரித்தவர் மூத்த பிளினி. இந்த நாட்டிலேயே அதிகாரியாக இருந்தவர். குடைபவர்கள் விளக்கொளியில் வேலை செய்து மாதக்கணக்கில் பகல் வெளிச்சம் காணாமல் இருந்ததையும், அஸ்தூரியா, கலீசியா, லூசித்தானியா மூன்றும் சேர்ந்து ஆண்டுக்கு 20,000 ராத்தல் பொன் தந்ததாகச் சிலர் கணக்குச் சொன்னதையும் அவர் எழுதி வைத்தார். குடைந்தவர்கள் பெரும்பாலும் விலங்கு பூட்டிய அடிமைகள் அல்லர், வரிக்குப் பதிலாக உழைத்த அக்கம்பக்கத்துக் குடிகளே என்பது இக்கால ஆய்வாளர் பலரின் முடிவு. ஐக்கிய நாடுகளின் யுனெஸ்கோ 1997-இல் இதை உலக மரபுச் சின்னமாக ஏற்றது. லிஸ்பன்-எவோரா-மெரிதா என்று வட்டமிடும் சுற்றுலாக்கள் இவ்வளவு தூரம் வருவதில்லை.

நம்மவர்களுக்கு இதில் ஒரு சொந்தச் சிரத்தையும் இருக்க வேண்டும். இந்தியாவுக்குப் பணம் ஓயாமல் வடிந்துகொண்டே போகிறது என்று வருந்தியவரும் அதே பிளினிதான். 1898-இல் புதுக்கோட்டைச் சீமையில் ஒரே புதையலாக 501 ரோமப் பொற்காசுகள் கிடைத்தன. அகஸ்டஸ் முதல் வெஸ்பாஸியன் வரையிலான சக்கரவர்த்திகளின் முகங்கள், அவற்றில் மிகப் பலவற்றின் மேல் யாரோ உளியால் கீறிய தழும்புகள். அந்தக் காலத்தில் ரோம நாணயசாலைகளுக்குப் பொன் கொடுத்த பெரிய ஊற்று ஸ்பெயினின் இந்த வடமேற்கு மூலையே ஆதலால், மெதுலாஸ் பக்கத்துப் பொன் மிளகுக்கு விலையாக நம் கரை வரை வந்திருக்கும் என்று எண்ணுவது மிகையாகாது. அரிக்கமேட்டில் கிடைத்த மத்தியதரைக் கடல் ஜாடித் துண்டுகளை ஆராய்ந்தவர்கள், அவற்றில் ஸ்பெயினிலிருந்து மீன்சாறு நிரப்பி வந்த ஜாடிகளும் உண்டு என்று கண்டிருக்கிறார்கள். அப்படிப்பட்ட மீன்சாறும் உப்பு மீனும் தயாரித்த தொட்டிகள் போர்ச்சுகலின் கரையில், ஸேதுபால் நகரத்துக்கு எதிரே த்ரோயா மணல் முனையில், வரிசை வரிசையாக இருக்கின்றன. லிஸ்பன் நகரத்திலேயே, கொரெய்ரோஸ் தெருவில் ஒரு வங்கிக் கட்டடத்தைப் புதுப்பிக்கத் தோண்டியபோது 1990-களின் தொடக்கத்தில் அத்தகைய தொட்டிகள் வெளிப்பட்டன. வங்கியின் அடியில் இறங்கி அவற்றைப் பார்க்க வேண்டுமானால் வழிகாட்டியோடுதான் போக வேண்டும். இந்த ஏற்பாடு எல்லா இடங்களிலும் இருந்தால் நல்லது என்பேன்.

சென்னையிலும் கோயம்புத்தூரிலும் ஐரோப்பியச் சுற்றுலா விற்கிறவர்களுக்கு என் விண்ணப்பம் இது: ஸ்பெயின், போர்ச்சுகல் என்று விளம்பரம் செய்துவிட்டு மாட்ரிட்டையும் பார்ஸெலோனாவையும் லிஸ்பனையும் மட்டும் காட்டாதீர்கள், மெரிதாவில் இரண்டு இரவு தங்க வையுங்கள், ரஃபேல் மொனேயோ கட்டிய ரோமக் கலை மியூசியத்துக்கு ஒரு முழுக் காலைப்பொழுது ஒதுக்குங்கள், அது திங்கட்கிழமைகளில் மூடியிருக்கும் என்பதைத் திட்டம் போடும்போதே நினைவில் வையுங்கள். எக்ஸ்த்ரெமதுராவின் ஜூலை, ஆகஸ்டு வெயில் நம் வேலூர் வெயிலுக்கு இளைத்ததல்ல. ஏப்ரலோ அக்டோபரோ உத்தமம். போகிற வாசகருக்கும் ஒரு வார்த்தை: வழிகாட்டி ஒரு தூணைக் காட்டிப் பேசி முடித்ததும், இதை இங்கே மறுபடி நிறுத்தியது யார், எந்த ஆண்டில், நடுவில் இது எதற்குப் பயன்பட்டது என்று கேளுங்கள். நல்ல வழிகாட்டியானால் அந்தக் கேள்விக்காகவே காத்திருப்பார்.